படுக்கப் போட்ட டாங்க்

கணக்கில் தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு சொல்லப்போவதெல்லாம் என் மண்டையில் நானே குட்டிக்கொள்கிற சமாச்சாரம்தான்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே கோதண்டராமுலு என்பவருடைய கடலை எண்ணெய் மில்லில் நான் ஃபிட்டர் மேஸ்திரி. துளசிராமன் என்று யாரும் கூப்பிடுவதில்லை, மேஸ்திரி என்றுதான். மில்லில் ஓர் இரும்பு டாங்க் இருந்தது. யுத்தம் முடிந்து ஏலம் விட்டபோது முதலாளி எடுத்தது. உருளை வடிவம், ஆறடி விட்டம், எட்டடி உயரம், நின்ற வாக்கில் இருந்தது. வாய்வரை ஊற்றினால் நாலு காலன் டின்னில் முந்நூற்றைம்பத்திரண்டு டின் பிடிக்கும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மேலே ஓட்டை வழியாக ஒரு மர அளவுகோலை விடுவோம். எண்ணெய் நனைத்த இடத்தைப் பார்த்தால் போதும். மூன்று அங்குலத்துக்குப் பதினோரு டின். அந்தக் கோலையும் நான்தான் வெட்டினேன். ஒன்பது வருஷம் ஒரு டின் முன்பின் ஆனதில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கடலை நன்றாக விளைந்தது. டாங்க் போதாது என்றார் முதலாளி. புது டாங்க் வாங்க மனசு வராது, அவர் சுபாவம் அப்படி. "மேஸ்திரி, இதையே பெருசு பண்ணிடு நைனா" என்றார். நடுவில் அறுத்து, இரண்டடி அகலத்துக்கு ஒரு வளையத் தகடு வைத்து ரிவிட் அடித்தேன். எட்டடி பத்தடி ஆனது. ஷெட்டின் கூரையோ ஒன்பதடி, கோல் விடுவதற்கே கூரையில் ஒரு திறப்பு வைத்திருந்தோம். நிற்க வைக்க முடியவில்லை. அதனால் செங்கல் மேடை கட்டி, டாங்கைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டோம். கூரைத் திறப்புக்கு நேராக முதுகில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன்.

பிறகு கொள்ளளவு போட்டேன். மூன்று தரம் மூன்று, தரம் இருபத்திரண்டின் கீழ் ஏழு, தரம் பத்து. கன அடிக்கு ஆறேகால் காலன். நாலால் வகுத்தால் நானூற்று நாற்பத்திரண்டு டின் வந்தது. ரிவிட் தலை, உள்தாங்கிக் கம்பி எல்லாவற்றுக்கும் இரண்டைக் கழித்து நானூற்று நாற்பது என்று வைத்தேன். எழுபத்திரண்டு அங்குலத்தில் ஒரு தேக்கு ரீப்பர் சட்டத்தை எடுத்து, ஒன்பது அங்குலத்துக்கு ஐம்பத்தைந்து டின் என்று சமமாகப் பிரித்துக் கோடு வெட்டினேன். கூட்டிப் பாருங்கள், எட்டு ஐம்பத்தைந்து நானூற்று நாற்பது. அவ்வளவு அழகாகப் பொருந்தியது. எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்து தொலைத்தது.

ஆயில் ரூம் பொறுப்பு கிஃபாயத்துல்லா பாயிடம் இருந்தது. பழவேற்காட்டுக்காரர். வாரமெல்லாம் மில்லிலேயே படுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருநாள் ஊருக்குப் போய் வருவார். நிறையப் பேசமாட்டார். ஒரு டின் எண்ணெய் வெளியே போனால் ஒரு புளியங்கொட்டையைச் சட்டியில் போடுவார். எழுதுகிற கை ஏமாற்றும், கொட்டை ஏமாற்றாது என்பார். நாங்கள் கேலி செய்வோம். "பாய், கொட்டைய எலி தூக்கினு போச்சுன்னா இன்னா செய்வே?" என்பேன். "எலிக்கு எண்ணெதான் வேணும், கொட்டை எதுக்கு?" என்பார்.

சீசன் முடிந்து டாங்கை வாய்வரை நிரப்பி மூடினோம். அதற்குப் பிறகு எண்ணெய் வெளியே போவதுதான், உள்ளே வருவதில்லை.

எங்கள் மில்லில் அமாவாசை அன்று மெஷின் ஓடாது. பெல்ட்டெல்லாம் துடைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைப்போம். அதன்பின் முதலாளியே டாங்க்மேல் ஏறிக் கோல் விடுவார். அது அவர் அப்பா காலத்து வழக்கம். டாங்கை நிரப்பிய பிறகு வந்த முதல் அமாவாசையில் கோல் ஐம்பத்துநாலு அங்குலத்தில் நனைந்திருந்தது. அதாவது முந்நூற்று முப்பது டின் பாக்கி. நூற்றுப்பத்து டின் போயிருக்க வேண்டும். பாயின் சட்டியில் எண்பத்தாறு கொட்டைதான் இருந்தது.

இருபத்திநாலு டின் எங்கே?

"ரெண்டு தபா எண்ணினேன் மொதலாளி. எண்பத்தாறுதான் போயிருக்குது" என்றார் பாய்.

"அப்போ மிச்சத்த யாரு குடிச்சாங்க? டாங்க்கா?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, கோலு சரிதானா?"

"ஒரு நூல் பிசகாது" என்றேன்.

இந்த வாயை என்ன செய்வது? பத்து பேர் நிற்கிறார்கள், என் வேலையைப் பற்றிக் கேட்கிறார், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மத்தியானம் பாய் என் பட்டறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மேஸ்திரி, கோச்சிக்காதே. கோல மட்டும் ஒரு தபா பாத்துடேன்."

"இன்னா பாய், எண்ணெ காணோம்னா என் கோலு மேலயா பழி போடுவே? ஒன்பது வருசமா இதே கையிதான கோலு வெட்டிச்சு? அப்ப வராத கொறை இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

கத்திவிட்டேன். அவர் திரும்பிப் போனார். போனபிறகு மனசு கேட்கவில்லை. கணக்கை எடுத்து முதலிலிருந்து போட்டேன். மறுபடி நானூற்று நாற்பத்திரண்டு. சரியாக வந்தது. சரியாக வந்ததுதான் கேடு. தப்பாக வந்திருந்தால் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

பாயை அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். போலீஸுக்குப் போகாததே தயவு என்றார் முதலாளி. பழவேற்காட்டுக்குக் கருவாடு ஏற்றப் போகிற வண்டிக்காரன் ஒருவன் மில் வழியாகத்தான் போவான். அவன் வாய்க்குப் பூட்டு ஏது? பாய் ஊர் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆயில் ரூமுக்கு சுப்பிரமணி என்று ஆரம்பாக்கத்து ஆள் வந்தான். அடுத்த அமாவாசை. கோல் முப்பத்தாறு அங்குலத்தில் நனைந்திருந்தது. சரியாகப் பாதி, இருநூற்றிருபது டின். சுப்பிரமணி வெளியே கொடுத்தது நூற்று முப்பத்துநாலு. புத்தகப்படி உள்ளே நூற்றுத்தொண்ணூற்றாறுதான் இருக்க வேண்டும். இருபத்திநாலு டின் அதிகம்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாடா கைராசிய! திருடன் போனான், எண்ணெ வளருது!" என்று சுப்பிரமணிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். எண்ணெய் குறைந்தால் ஆளைப் பிடிக்கிறோம், கூடினால் கற்பூரம் காட்டுகிறோம். ஏன் கூடியது என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

இருபத்திநாலு போனது, அதே இருபத்திநாலு வந்தது. எண்ணெய்க்குக் கால் முளைத்துப் பழவேற்காடு போய்த் திரும்பியா வந்திருக்கும்?

மறுநாள் காலையில் வீட்டில் ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்தேன். வட்ட டப்பா. மூடியை ஈயம் வைத்து அடைத்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, மேலே ஓர் ஓட்டை போட்டேன். ஒரு ஈர்க்குச்சியை டப்பாவின் உயரத்துக்கு ஒடித்து நாலு சம பாகமாகக் கோடு போட்டேன். இருமல் மருந்தோடு வந்த அவுன்ஸ் கிளாஸில் தண்ணீர் அளந்து ஊற்ற ஆரம்பித்தேன். என் பெண்சாதி கங்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"காலங்காத்தால இன்னா இது சொப்பு வெளையாட்டு? நாஷ்டா ஆறிக்கினு கீது."

"சும்மா இரு. எண்ணினு இருக்கேன்."

முதல் கோடு வரைக்கும் எட்டு கிளாஸ். இரண்டாவது கோட்டுக்குப் பன்னிரண்டு. மூன்றாவதுக்கும் பன்னிரண்டு. கடைசிக்கு எட்டு. ஆக நாற்பது.

நாலும் பத்துப் பத்தாக வரும் என்று கோல் வெட்டியவன் நான். நிற்கிற டாங்க் அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலம், எந்த அங்குலத்திலும் ஒரே அளவு. படுத்த டாங்க்குக்கு நடுவில்தான் வயிறு. மேலேயும் கீழேயும் ஒடுங்கிப்போகிறது. மேல்பக்கம் கொஞ்சம் எண்ணெய் எடுத்தாலே மட்டம் மளமளவென்று இறங்கிவிடும். கால்வாசி உயரம் இறங்கினால் கால்வாசி எண்ணெய் போனதாகச் சொல்லும் என் கோல். உண்மையில் போவது நாற்பதுக்கு எட்டு. நானூற்று நாற்பதுக்கு அது எண்பத்தெட்டு டின். பாய் எண்பத்தாறு என்றார். அவுன்ஸ் கிளாஸில் அளந்த லட்சணத்துக்கு இரண்டு டின் முன்பின் போகட்டும். பாதிக்கு வந்ததும் கோலும் எண்ணெயும் மறுபடி ஒத்துப்போகும். அதுதான் சுப்பிரமணியின் கைராசி.

டாங்கைப் புரட்டிப் போட்டேன், கோலைப் புரட்ட மறந்தேன். மொத்தக் கொள்ளளவை மூன்று தரம் சரிபார்த்த மடையன், ஒரு அங்குலம் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. பழக்கதோஷம். கை தானாகச் சமமாகப் பிரித்துவிட்டது.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கங்கம்மா பயந்துபோய், "இன்னா ஆச்சு, மாரு வலிக்குதா?" என்றாள். பாய் விஷயத்தைச் சொன்னேன். அவள் டப்பாவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"போய் சொல்லிடு" என்றாள்.

சொன்னேன், முதலாளியிடம். டப்பாவையும் கொண்டுபோய் அவர் கண்ணெதிரிலேயே ஊற்றிக் காட்டினேன். மனுஷன் மூளைசாலி, இரண்டாவது கோட்டிலேயே புரிந்துகொண்டார்.

"செரி. வேற கோலு வெட்டு" என்றார்.

"பாய்க்கு சொல்லி அனுப்பணும் மொதலாளி."

"இன்னாத்துக்கு? போனவன் போனான். சுப்பிரமணி நல்லாத்தான் செய்யறான். இந்த மில்லுல அளக்கவே தெரியாதுன்னு ஊருக்கெல்லாம் டமாரம் அடிக்கணுமா? நாளைக்கு எவன் என்கிட்ட எண்ணெ வாங்குவான்?" கொஞ்சம் நிறுத்தி, "நீ அங்க போனேன்னு தெரிஞ்சா, அப்டியே அங்கயே இருந்துடு நைனா. இந்தப் பக்கம் வராதே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

புதுக் கோல் வெட்டினேன். இந்தத் தரம் சமமாக இல்லை, நடுவில் நெருக்கமாகவும் இரண்டு ஓரத்திலும் அகலமாகவும் கோடுகள். மூன்று வாரம் போனது. தினமும் காலையில் நாளைக்குப் போகலாம் என்பேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இந்த மில்லை விட்டால் எந்த மில்லில் போய் ஸ்பேனர் பிடிப்பது? முழங்கால் வேறு பேஜாரு பண்ணிக்கொண்டிருந்தது. கங்கம்மா ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவை மட்டும் அடுப்படி அலமாரியில் என் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது, அவள்மேல் இல்லை.

அடுத்த அமாவாசை அன்று மில்லுக்குப் போகாமல் ரயில் ஏறினேன். கோல் விடுகிற நேரத்தில் மேஸ்திரி இல்லை என்றால் முதலாளிக்குத் தெரியாமல் போகாது. தெரியட்டும். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்துப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

பாய் கருவாட்டுக் கொட்டகையில் இருந்தார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். தராசுப் பக்கம் அவரை விடுவதில்லை என்று கொட்டகை வாசலில் நின்றவன் கேட்காமலே சொன்னான். "எண்ணெ மில்லுல கைய வெச்ச ஆளு" என்று சேர்த்துச் சொன்னான். இரண்டு மாசத்தில் பாய் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கினார். கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

சொன்னேன். நின்ற டாங்க், படுத்த டாங்க், எட்டு, பன்னிரண்டு, எல்லாம்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.

மறுபடி சொன்னேன்.

"அப்போ நான் எண்ணினது சரி."

"சரி பாய். ஒரு கொட்டைகூட தப்பில்ல."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வா" என்றார்.

முதலில் கொட்டகைக்காரனிடம் கூட்டிப்போனார். "சொல்லு மேஸ்திரி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகு ஷேக் தாவூத் என்பவருடைய டீக்கடை. அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "கோல்ல ஒரு சின்ன பிசகு ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து பாய், "யாரு செஞ்ச கோலு?" என்றார்.

"நான் செஞ்ச கோலு" என்றேன்.

பிறகு அவருடைய மச்சான் அமீருதீனின் மளிகைக் கடை. பாய் வேலை கேட்டுப் போனபோது, கல்லாப்பெட்டி இருக்கிற இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று திருப்பி அனுப்பியவர்.

"அப்போ அந்த எண்ணெ?" என்றார் அமீருதீன்.

"டாங்க்லயேதான் இருந்துச்சு. எங்கயும் போகல."

அவர் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். பாய் அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பிறகு பள்ளிவாசல் கேட். மத்தியான லுஹர் தொழுகை முடித்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் சொல்லச் சொன்னார். சிலர் நின்று கேட்டார்கள், சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போனவர்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்துபோய்ச் சொன்னேன். முழங்கால் விண்விண் என்றது. நாக்கு வறண்டு, கணக்கு எனக்கே அலுத்துப்போனது. எத்தனை தரம்தான் ஒருத்தன் தன்னை முட்டாள் என்று சொல்லிக்கொள்வான்?

"இன்னும் எத்தினி ஊடு பாய்?" என்றேன்.

"ஒண்ணு."

அது அவருடைய வீடு.

"ஊட்ல இன்னும் சொல்லலியா?" என்று கேட்டேன். காலையிலிருந்து அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாய் சாவகாசமாக வாசல் ஓரத்தில் குந்திக்கொண்டார். "சொல்லு. உள்ள கேக்கும்."

வாசலில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவர் சம்சாரம் பீவி ஜான். நான் திரையைப் பார்த்து ஆறாவது தரமாகவோ ஏழாவது தரமாகவோ அதே கதையைச் சொன்னேன். கோல் நான் வெட்டினது, தப்பு என்னுது, எண்ணெய் எங்கேயும் போகல.

வளையல் மறுபடி குலுங்கியது. அப்புறம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது எப்டிங்க? எடுத்தேன்னு அவரே ஒத்துக்கினாரே."

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது? மில்லுல நீ ஒத்துக்கவே இல்லியே?"

"மில்லுல இல்ல, இங்கதான்" என்றார். "தெனம் கேட்டா. சோறு போடும்போது கேட்டா, படுக்கும்போது கேட்டா. யாருக்குக் குடுத்தே, எங்க வித்தேன்னு. இல்ல இல்லன்னு நாப்பது நாளு சொன்னேன். அலுத்துப்போச்சு மேஸ்திரி. ஒரு நாளு, ஆமா எடுத்தேன்னு சொல்லிட்டேன். அன்னிக்குத்தான் தூங்கினேன்."

திரைக்குப் பின்னால் அந்த அம்மாள் அழ ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. "நானே கேட்டுக் கேட்டு உங்கள திருடன் ஆக்கிட்டேனே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, போகவும் முடியவில்லை. ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால் என்னிடம் இருந்தது அந்த எட்டும் பன்னிரண்டும்தான். அதையும் ஊர் பூராவும் சொல்லித் தீர்த்தாயிற்று. அவளாவது அவரைக் கேட்டாள், நான் ஒரு தரம்கூட என் கோலைக் கேட்கவில்லை. பட்டறை வாசலில் அவர் வந்து நின்ற அன்று ஒரு டப்பாவும் ஒரு அவுன்ஸ் கிளாஸும் எடுத்திருந்தால் அரைமணி நேர வேலை.

"அழுதது போதும்" என்றார் பாய். "சோத்தப் போடு. இவருக்கும் சேத்துப் போடு. காலைலேர்ந்து சுத்தினு இருக்காரு."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திரை விலகி இரண்டு தட்டு வந்தது, மீன் குழம்பு மணத்தது. பாய் ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார். பசி காதை அடைத்தது. உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.